மீதியைக் கௌசர் சொல்வாள்

திருப்புதல் தேர்வுத் தாள்களைத் திருத்த உட்கார்ந்த ஜெமிமாவுக்கு முதலில் கோபம்தான் வந்தது. முதல் தாளில் ஒரு பெண் இருபடிச் சமன்பாட்டுக் கணக்கை ஒழுங்காகப் படித்து, சமன்பாடு அமைத்து, காரணிப்படுத்தி, எல்லாவற்றையும் அச்சுப் போட்டதுபோலச் செய்துவிட்டு அத்தோடு நிறுத்தியிருந்தாள். இன்னும் இரண்டு வரி எழுதினால் விடை. அதை எழுதக் கை வலிக்கிறதாக்கும் என்று முணுமுணுத்தபடி ஜெமிமா அடுத்த தாளை எடுத்தாள். அதுவும் அதே வரியில் நின்றிருந்தது. அதற்கடுத்ததும் அப்படியே. நன்றாகப் படிக்கிற பிள்ளை, தட்டுத்தடுமாறித் தேறுகிற பிள்ளை, கோழி கிளறின மாதிரி எழுதுகிற அமான், எல்லாரும் ஒரே இடத்தில் பேனாவை எடுத்துவிட்டு அடுத்த கணக்குக்குப் போயிருந்தார்கள்.

காப்பி என்று சொல்லவும் வழியில்லை. தேர்வு அறையில் காவல் நின்றவள் அவளேதான். அதுவுமில்லாமல் காப்பி அடிக்கிறவன் விடையையாவது அடிப்பான். விடையை மட்டும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் அடிக்கிற காப்பி எந்த ஊரில் உண்டு? பொதுத்தேர்வு அடுத்த மாதம். அங்கேயும் இந்தக் கூட்டம் இப்படி நடு ரோட்டில் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கிப் போனால் என்ன ஆகும்?

மறுநாள் வகுப்பில் தாள்களை மேசைமேல் போட்டாள். "என்ன கூத்து இது? காரணிப்படுத்தத் தெரிஞ்சவங்களுக்கு விடை எழுதத் தெரியாதா?"

வெளியே எண்ணூர் நெடுஞ்சாலையில் கண்டெய்னர் ட்ரெய்லர்கள் போகிற அதிர்வில் ஜன்னல் கம்பிகள் கிணுகிணுத்துக்கொண்டிருந்தன. ஜெமிமா முன்பெஞ்சு ரூபினாவைப் பார்த்தாள். வகுப்பில் கணக்குக்கு இப்போது அவள்தான் முதல்.

"தெரியும் மிஸ்," என்றாள் ரூபினா.

"தெரிஞ்சா ஏன் எழுதலை?"

"மீதிய வந்து சொல்றேன்னு சொல்லிக்கீறா மிஸ்."

"யாரு?"

"கௌசரு."

ரூபினாவுக்குப் பக்கத்து இடம் காலியாக இருந்தது. அது கௌசரின் இடம். அவள் இறந்து தீபாவளியும் போய்விட்டது, கிறிஸ்துமஸும் போய்விட்டது. ஜெமிமா அதற்குமேல் ஒன்றும் கேட்காமல் அன்றைய பாடத்தைத் தொடங்கினாள்.

கதை டேப்லெட்டுகள் வந்த நாளிலிருந்து தொடங்குகிறது. ஓர் அறக்கட்டளை பத்தாம் வகுப்புக்கு ஆளுக்கொரு டேப்லெட் கொடுத்தது. கூடவே பயிற்சி கொடுக்க ஒரு கோட்டு போட்ட இளைஞரும் வந்தார். ஆசிரியர் பேச்சைக் குறைக்க வேண்டும், மாணவரை மையத்தில் வைக்க வேண்டும் என்று அவரே நாள் முழுக்கப் பேசினார். ஜெமிமா கொட்டாவியை அடக்கிக்கொண்டு கேட்டாள். ஆனால் அவர் சொன்னதில் ஒன்று அவளுக்குப் பிடித்திருந்தது. ஒவ்வொரு பிள்ளையும் ஒரு பாடத்தை எடுத்து, தனக்குப் புரிந்த மாதிரி, தன் பேச்சிலேயே விளக்கி, வீட்டில் வைத்துப் பதிவு செய்ய வேண்டும். மற்ற பிள்ளைகள் தங்களுக்குப் பிடித்த குரலில் அந்தப் பாடத்தைக் கேட்டுவிட்டு வர வேண்டும். வகுப்பில் டீச்சர் பிரசங்கம் செய்ய வேண்டியதில்லை. சிக்கிக்கொண்ட பிள்ளையின் பக்கத்தில் போய் உட்கார்ந்தால் போதும்.

ஜெமிமாவின் அப்பா நாசரேத்திலிருந்து வந்து வண்ணாரப்பேட்டையில் அரிசி மண்டி வைத்தவர். வீட்டில் பேசுகிற தமிழ் ஒன்று, பள்ளியில் அவள் பாடம் நடத்துகிற தமிழ் இன்னொன்று. இரண்டுமே இந்தப் பிள்ளைகளின் காதில் ஏறவில்லை. அவள் எவ்வளவு தொண்டை கிழியக் கத்தினாலும் அமான் போன்றவர்கள் விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். கௌசரின் முதல் பதிவு வந்த அன்று அதெல்லாம் மாறிவிட்டது.

"டோல்கேட்லேந்து ஒரு ஷேர் ஆட்டோ கெளம்புதுன்னு வெச்சுக்க," என்றுதான் அவள் எந்தக் கணக்கையும் தொடங்குவாள். புத்தகத்தில் ரயில் என்றிருந்தாலும் படகு என்றிருந்தாலும் அவளுக்கு ஷேர் ஆட்டோதான். "இன்னா, புரியுதா? புரியலன்னா வெக்கப்படாம பின்னாடி போயி திருப்பிக் கேளு மாமு. நான் இன்னா கோச்சுக்கவா போறேன்?" இன்னொரு பழக்கமும் அவளிடம் இருந்தது. கேள்வி கேட்டுவிட்டு நிறுத்துவாள். கேட்கிறவன் பதில் சொல்ல ஒரு மூச்சு நேரம் விடுவாள். அப்புறம், "ஆங், அதான்," என்று தொடர்வாள். பிள்ளைகள் அந்த இடைவெளியில் உண்மையிலேயே பதில் சொன்னார்கள். வீட்டில் சொன்னார்கள், பஸ்ஸில் சொன்னார்கள், வகுப்பில் ஒன்றாகச் சேர்ந்து கோரஸாகச் சொன்னார்கள். அமானின் வாயிலிருந்து கணக்குக்குப் பதில் வந்ததை ஜெமிமா முதன்முதலில் கேட்டது அப்போதுதான். கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது அவளுக்கு. பொறாமையைவிடச் சந்தோஷம் அதிகம் இருந்தது.

பிறகு ஒரு சனிக்கிழமை, கௌசரின் சந்துக்குத் தண்ணி லாரி வந்தது. அந்தச் சந்துக்குள் லாரி நுழையாது. நெடுஞ்சாலையின் எதிர்ப்பக்கம்தான் நிற்கும். குடத்தோடு குறுக்கே ஓடியவளை ட்ரெய்லர் ஒன்று அடித்துவிட்டது. அவ்வளவுதான். அதை வேறு எப்படிச் சொன்னாலும் ஆறுதலாக இருக்கப்போவதில்லை.

துக்கம் முடிந்து அவள் அப்பா தாவூது டேப்லெட்டைத் துணிப்பையில் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தார். சார்ஜர் ஒயரை அழகாகச் சுற்றி ரப்பர்பேண்ட் போட்டிருந்தார். "பள்ளிக்கூடத்துப் பொருளு," என்றார். ஜெமிமா அதைப் பீரோவில் வைத்துப் பூட்டினாள். அரையாண்டுத் தேர்வுக்குப் பிறகு தலைமை ஆசிரியர் கருணாகரன் எல்லா டேப்லெட்டையும் சார்ஜ் போடச் சொன்னார். அதையும் எடுத்துப் போட்டார்கள். பள்ளியின் வைஃபை கிடைத்ததும், அனுப்பப்படாமல் அதற்குள் கிடந்த ஒரு பதிவு தானாகவே வகுப்புக்குப் போய்விட்டது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் எல்லாருடைய திரையிலும் வந்து நின்றது: கௌசர், புதிய பதிவு.

ஜெமிமா அதைத் திறக்கவில்லை. திறக்கத் தைரியம் வரவில்லை. அழிக்கவும் மனம் வரவில்லை. பெரியவர்கள் இப்படித்தான், பார்க்காத மாதிரி இருந்துவிட்டால் ஒன்றும் நடக்கவில்லை என்று நம்பிக்கொள்வார்கள். பிள்ளைகளுக்கு அந்த நடிப்பு வராது. அவர்கள் திறந்து கேட்டார்கள்.

ரூபினா அப்படிப் பதில் சொன்ன அன்றைக்கே, பள்ளி விடுகிற நேரத்தில், கௌசரின் அம்மா பதுருன்னிசா வந்தாள். பெஞ்சின் நுனியில் பட்டும் படாமலும் உட்கார்ந்தாள். முகம் பாதியாகியிருந்தது.

"டீச்சரம்மா, ஒண்ணு கேப்பேன். தப்பா எடுத்துக்கக் கூடாது."

"சொல்லுங்கம்மா."

"அவ பேசுனத அழிச்சுடுங்க."

ஜெமிமா கையிலிருந்த தாள்களை மேசைமேல் வைத்தாள்.

"மொதல்ல நல்லாத்தான் இருந்திச்சும்மா. சாயங்காலம் ஆனா எதுத்த வூட்ல அவ கொரலு, மாடி வூட்ல அவ கொரலு. பசங்க போட்டுகினு படிக்கும். நான் வாசப்படில குந்திகினு கேட்டுகினே இருப்பேன். மவ பக்கத்துல எங்கியோ வெளையாடிகினு கீறா மாரி இருக்கும். இந்தப் புதுசு ஒண்ணு வந்துக்கீது பாருங்க, அதுலேந்துதான் பேஜாரு. எல்லா வூட்லயும் அத்தயே போடுதுங்க. கேட்டா பரீட்சைக்கு இதான் முக்கியம்னுதுங்க. அத்தோட கடசீய என்னால கேக்க முடியல. காதப் பொத்திகினு சந்துல ஓடறேன். பாக்குறவங்க பைத்தியம்னு நெனைக்கிறாங்க."

"கடைசியில அப்படி என்னம்மா இருக்கு?"

பதுருன்னிசா அவளை நிமிர்ந்து பார்த்தாள். இந்த டீச்சர் இன்னும் அதைக் கேட்கவே இல்லை என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. "கேட்டுப் பாருங்க. அப்பால சொல்லுங்க," என்று எழுந்து போய்விட்டாள்.

அன்று வகுப்பு காலியான பிறகு ஜெமிமா கதவைச் சாத்திக்கொண்டு அதைத் திறந்தாள்.

"டோல்கேட்லேந்து ரெண்டு ஷேர் ஆட்டோ எண்ணூருக்குக் கெளம்புதுன்னு வெச்சுக்க. பதினஞ்சு கிலோமீட்டரு. ஒருத்தன் மெதுவாப் போறான், பாவம், வண்டி பழசு. இன்னொருத்தன் அவனவிட மணிக்குப் பத்து கிலோமீட்டர் வேகம். கால் மணி நேரம் முன்னாடியே போயி டீ குடிச்சுகினு கீறான்." உயிரோடு, சளி பிடித்த லேசான கரகரப்போடு, அந்தக் குரல் காலி வகுப்பில் நடமாடியது. ஜெமிமாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. கௌசர் சமன்பாட்டை அமைத்தாள். காரணிப்படுத்தினாள். "எக்ஸ் ப்ளஸ் முப்பது ஒண்ணு, எக்ஸ் மைனஸ் இருவது ஒண்ணு. ரெண்டையும் பெருக்குனா பூஜ்யம். இப்போ ரெண்டு வெடை வரும், ஒண்ணு மைனஸ்ல. நீயே சொல்லு, ஆட்டோ மைனஸ்ல ஓடுமா?"

இடைவெளி. காலி பெஞ்சுகள் பதில் சொல்லவில்லை.

"ஆங், அதான். அப்போ எத்த வெச்சுக்கறது..."

அந்த இடத்தில்தான் இன்னொரு குரல் வந்தது. கொஞ்சம் தூரத்திலிருந்து, அவசரமாக, அடுப்படியிலிருந்து கத்துகிற குரல்.

"ஏ கௌசர்! லாரி வந்துடுச்சுடி! கொடத்த எடுத்துகினு ஓடியா!"

கௌசர் பேசாமல் இருந்தாள். கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருப்பாளே, அதே அளவு மௌனம். பிறகு, "தோ வரேம்மா!" என்றாள். வாயை மைக்குக்குப் பக்கத்தில் கொண்டுவந்து, ரகசியம் மாதிரி: "இருங்க. தண்ணி புடிச்சுட்டு வந்து மீதி சொல்றேன்."

பதிவு முடிந்துவிட்டது.

பதுருன்னிசாவைச் சந்து சந்தாகத் துரத்துவது அவளுடைய சொந்தக் குரல்தான். மகளைச் சாவதற்குக் கூப்பிட்ட குரல், சாயங்காலம் ஆனால் வீட்டுக்கு வீடு கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறது. கடைசியை மட்டும் வெட்டிவிட முடியுமா என்று ஜெமிமா தேடிப் பார்த்தாள். வைத்துக்கொள், அழித்துவிடு, இரண்டே பொத்தான்தான். அழித்தால் கணக்கும் போகும். இந்தப் பாடத்தில் பிள்ளைகள் பிடித்துக்கொண்டு ஏறுகிற ஒரே கயிறும் போகும். அழிக்காவிட்டால் ஒரு தாய் காதைப் பொத்திக்கொண்டு ஓடுவாள்.

தலைமை ஆசிரியரிடம் சொன்னாள். கருணாகரன் கெட்டவரில்லை, ஆனால் அறக்கட்டளைக்காரர்கள் பார்வையிட வரப்போகிற மாதத்தில் நல்லவராக இருப்பது எந்தத் தலைமை ஆசிரியருக்கும் சிரமம்தான். "இப்போ பசங்க எல்லாரும் கேக்கறதே அந்தப் பதிவைத்தானே, அதை அழிச்சுட்டா நாம அவங்களுக்கு எதைக் காட்டறது மேடம்? அந்தப் பொண்ணு குரல்தானே நம்ம பள்ளிக்கூடத்துக்கே பேரு," என்றார். சொல்லிவிட்டு அவருக்கே கூச்சமாக இருந்திருக்க வேண்டும். "நீங்களே முடிவு பண்ணுங்க," என்று கோப்புக்குள் தலையை நுழைத்துக்கொண்டார்.

மாணவர் மையம், மாணவர் மையம் என்று வாய் கிழியப் பேசியாயிற்று. அவர்களைக் கேட்காமல் எப்படி அழிப்பது? ஜெமிமா வகுப்பில் எல்லாவற்றையும் சொன்னாள். ஒளிக்கவில்லை.

ரூபினாதான் எழுந்தாள். "அழிச்சுடுங்க மிஸ். அவுங்க ஓடறத நாங்களும் பாத்துகினுதான் கீறோம். சவுண்டக் கொறச்சுத்தான் போடுறோம், ஆனா சந்து அவ்ளோ சின்னது." கொஞ்சம் தயங்கினாள். "அழிக்கறதுக்கு முன்னாடி ஒரு தபா அவுங்க இங்க வந்து கேக்கணும் மிஸ். எங்க கூட."

"எதுக்கும்மா? அவங்களால கேக்க முடியலைன்னுதானே அழிக்கச் சொல்றாங்க."

"வூட்ல மனசுக்குள்ளதான் சொல்லுவோம். காலைல நீங்க வர்றதுக்கு முன்னாடி இங்க போட்டு, எல்லாம் சேந்து சொல்லுவோம். அத்த அவுங்க கேக்கணும்."

"என்னத்தைச் சொல்லுவீங்க?"

வகுப்பே தலையைக் குனிந்துகொண்டது.

பதுருன்னிசாவை வரவழைப்பது லேசாக இல்லை. இரண்டு முறை மறுத்துவிட்டு மூன்றாம் முறை, "அழிக்கறத என் கண்ணால பாக்கணும்," என்று ஒப்புக்கொண்டாள். கருப்பு பர்தாவில் வந்தவளை ரூபினா கையைப் பிடித்து அழைத்துப் போய்த் தன் பக்கத்தில், அந்தக் காலி இடத்தில் உட்கார வைத்தாள். செய்வது நல்லதா, பாவமா என்று ஜெமிமாவுக்கே தெரியவில்லை. பொத்தானை அழுத்தினாள்.

டோல்கேட்டிலிருந்து இரண்டு ஷேர் ஆட்டோ கிளம்பியது. கௌசர் கேட்டாள்; வகுப்பு பதில் சொன்னது. "இன்னா, புரியுதா?" என்றாள், "புரியுதூ!" என்றார்கள். "ஆட்டோ மைனஸ்ல ஓடுமா?" என்றாள்; "ஓடாதூ!" என்று கூரை பறக்கிற மாதிரி கத்தினார்கள். பதுருன்னிசாவின் உதடு ஓரத்தில் ஒரு சிரிப்பு வந்து உடனே போனது. அடுத்தது என்ன வரும் என்று அவளுக்குத் தெரியும். பர்தா நுனியை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

"ஏ கௌசர்! லாரி வந்துடுச்சுடி! கொடத்த எடுத்துகினு ஓடியா!"

கௌசர் அந்த ஒரு மூச்சு நேரம் நின்றாள். அந்த இடைவெளியில் வகுப்பு முழுக்க, யாரும் கத்தாமல், ஒரே குரலில் சொன்னது:

"போவாத கௌசர்."

பின்னாலிருந்து அமான் மட்டும், "நான் போயி ரொப்பிகினு வரேன், நீ குந்து," என்றான்.

"தோ வரேம்மா!" என்றாள் கௌசர். "இருங்க. தண்ணி புடிச்சுட்டு வந்து மீதி சொல்றேன்."

ஒவ்வொரு நாளும் இவர்கள் இப்படிச் சொல்லிப் பார்த்திருக்கிறார்கள் என்பதும், ஒவ்வொரு நாளும் அவள் எழுந்து போய்விட்டாள் என்பதும் ஜெமிமாவுக்கு அப்போதுதான் விளங்கியது.

பதுருன்னிசா பர்தாவை வாயிலிருந்து எடுத்தாள். "நானும் தெனம் அத்தத்தான் சொல்லிகினு கீறேன்," என்றாள். "கேக்க மாட்றா." பிறகு உடைந்து அழுதாள். வாய்விட்டு, வெட்கமில்லாமல், பிள்ளைகள் முன்னால் அழுதாள். ரூபினா அவள் தோளில் தலையை வைத்துக்கொண்டு தானும் அழுதாள். யாரும் யாரையும் தேற்றவில்லை.

அழுது ஓய்ந்த பிறகு அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு கரும்பலகையைப் பார்த்தாள். அன்று காலையில் யாரோ எழுதி வைத்த அந்தக் கணக்கு, காரணி வரியோடு நின்றிருந்தது. "இது இன்னா, பாதில கெடக்குது?"

"கௌசர் நிறுத்தின இடம்மா," என்றாள் ஜெமிமா. "பரீட்சையிலயும் எல்லாரும் அங்கேயே நிறுத்திட்டாங்க. மீதி அவ வந்து சொல்லணுமாம்."

பதுருன்னிசா ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். "மீதிய நீங்களே சொல்லுங்கடா," என்றாள். "அவ வர மாட்டா."

அந்த வகுப்பில் அந்த வார்த்தையை அதுவரை ஒருவரும் சொன்னதில்லை. ஜெமிமாவும் சொன்னதில்லை. ரூபினா எழுந்து போய்ச் சாக்பீஸை எடுத்தாள். "ஒரு வெடை மைனஸ் முப்பது. அத்தத் தள்ளிடு. இன்னொரு வெடை இருவது. அப்போ பழைய ஆட்டோவோட வேகம் எவ்ளோ?" என்று கேட்டு, கௌசர் விடுகிற அதே அளவு இடைவெளி விட்டாள்.

"இருவது," என்றார்கள். பதுருன்னிசாவும் முணுமுணுத்தாள், ஒரு நொடி பிந்தி.

ஜெமிமா டேப்லெட்டை அவள் முன்னால் வைத்து, அழித்துவிடு என்ற பொத்தானைக் காட்டினாள். பதுருன்னிசா அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெல்ல நகர்த்தி வைத்தாள்.

"இருக்கட்டும்மா. இனிமே ஓடல. சந்துல கேட்டா நானும் பசங்களோட சேந்து சொல்றேன், போவாதன்னு." எழுந்தாள். "ஒருத்தி சொன்னா கேக்கல. இத்தினி பேரு சொன்னா, என்னிக்குனா ஒரு நாள் காதுல வுழும்."

கடைசித் திருப்புதல் தேர்வில் அதே மாதிரி ஒரு கணக்கைத்தான் ஜெமிமா கொடுத்தாள். அறக்கட்டளைக்காரர்கள் வந்து, படம் எடுத்துக்கொண்டு, போய்விட்டிருந்தார்கள். அவள் ஆசிரியர் அறையில் தனியாக உட்கார்ந்து தாள்களைப் பிரித்தாள். இந்த முறை யாரும் நிறுத்தவில்லை. எல்லாரும் விடை எழுதியிருந்தார்கள். அமான்கூடச் சரியாக எழுதி, கீழே இரண்டு கோடு போட்டிருந்தான்.

ஆனால் எல்லாத் தாளிலும், காரணி வரிக்கும் அதற்கடுத்த வரிக்கும் நடுவில், ஒரு வரி இடம் வெறுமையாக இருந்தது. சொல்லி வைத்ததுபோல எல்லாரும் அதே அளவு விட்டிருந்தார்கள்.

அந்த இடத்தில் ஜெமிமா சிவப்பு மை படவிடவில்லை. ஒவ்வொரு தாளிலும் அங்கே வந்தபோது பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வாசலில் யாரும் இல்லை என்று பார்த்துவிட்டு, தன் வாயில் அதுவரை நுழைந்தே இராத அந்தப் பேச்சில், அவளும் சொன்னாள்:

"போவாத கௌசர்."